ஜெர்மானியம் டிரெபிள் பூஸ்டர்: வீட்டில் கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இந்தப் பெடல் உண்மையில் என்னதான் செய்கிறது?

பெயரை வைத்துப் பார்த்தால் டிரெபிளை, அதாவது மேல் ஒலிகளை, மட்டும் ஏற்றிக் கொடுக்கும் என்று தோன்றும். அது பாதிதான். உள்ளே இருப்பது ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், மூன்று ரெசிஸ்டர், ஒரு பாட் (திருகி மாற்றும் மின்தடை), நான்கு கெபாசிட்டர், அவ்வளவே. கிட்டாரிலிருந்து வரும் சிக்னலில் கனமான கீழ் ஒலிகளை வாசலிலேயே குறைத்துவிட்டு, மிச்சத்தை அடித்துப் பெரிதாக்கி ஆம்ப்புக்குள் தள்ளுகிறது. மேல் ஒலிகளில் இந்த ஏற்றம் 25 டெசிபெல்லைத் தாண்டும். அவ்வளவு சிக்னல் வந்து மோதினால் ஆம்ப்பின் முதல் வால்வே கரகரக்கத் தொடங்கிவிடும். கீழ் ஒலிகள் முன்பே குறைந்துவிட்டதால் அந்தக் கரகரப்பு கொழகொழவென்று ஆகாமல், ஒவ்வொரு நரம்பும் தனியாகக் கேட்கும்படி இருக்கும். காதில் விழும்போது டிரெபிள் கூடியதாகத் தோன்றுவதை விட, நடு ஒலிகள் முன்னால் வந்து நிற்பதாகவே தோன்றும்.

இது எங்கிருந்து வந்தது?

1960களின் நடுவில் இங்கிலாந்தில் டாலஸ் நிறுவனம் ரேஞ்ச்மாஸ்டர் என்ற பெயரில் விற்ற பெட்டி. அது காலால் மிதிக்கும் பெடலே இல்லை. ஆம்ப்பின் தலைமேல் வைப்பதற்கான சாம்பல் நிறத் தகரப் பெட்டி, முன்பக்கம் ஒரு தள்ளு சுவிட்ச், ஒரு திருகு, ஆம்ப்புக்குப் போகும் கேபிள் பெட்டியோடேயே சேர்ந்திருக்கும். அந்தக் காலத்து ஆங்கிலேய வால்வ் ஆம்ப்புகள் பலவும் மந்தமாக ஒலித்தன, டிரம்ஸுக்கு நடுவே கிட்டார் அமுங்கிப் போனது, அதற்கு மருந்தாகச் செய்ததுதான் இது. ஆம்ப்பைக் கரகரக்க வைப்பதற்கென்று யாரும் இதை வடிவமைக்கவில்லை. அதை வாசித்தவர்கள் கண்டுகொண்டார்கள். ராக் கிட்டார் கலைஞர்களில் ரோரி கலஹர் இதை வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பில் சொருகி வாசித்தார், டோனி அயோமி மாற்றியமைத்த ஒன்றை வைத்திருந்தார், பிரையன் மே ஆரம்பத்தில் இதில் தொடங்கி, பிறகு தனக்கென்று செய்து தரப்பட்ட டிரெபிள் பூஸ்டர்களுக்குப் போனார்.

என் ஆம்ப்புக்கு ஒத்துவருமா?

சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஆனால் பலர் கடைசியில் கேட்கிறார்கள். உங்களிடம் இருப்பது கரகரக்கும் விளிம்பில் நிற்கும் வால்வ் ஆம்ப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கட்டுங்கள். பளிச்சென்று சுத்தமாக ஒலிக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால், கட்டி முடித்து ஒரு கார்டு வாசித்ததும் இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும், ஒலி மெலிந்து காதைக் குத்தும். பெடலின் மேல் தப்பில்லை, அதன் மறுபாதியாகிய கரகரக்கும் ஆம்ப் அங்கே இல்லை. கணினியில் ஆம்ப் மென்பொருள் வைத்து வாசிக்கிறவர்கள் கொஞ்சம் கரகரப்பான பழைய வால்வ் ஆம்ப் மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு நன்றாகவே வரும். மிகவும் கரகரக்கும் நவீன ஹை கெயின் மாதிரிகளை விட்டுவிடுங்கள்.

சர்க்யூட் எப்படி? பாகங்களின் மதிப்பு என்ன?

கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் 5 நானோஃபாரட் கெபாசிட்டர் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகிறது (பேஸ், எமிட்டர், கலெக்டர் என்பவை டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள்). 4.7 நானோஃபாரட் எளிதில் கிடைக்கும், அதைப் போடலாம், வித்தியாசம் கேட்காது. பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 68 கிலோ ஓம், பேஸிலிருந்து மைனஸ் 9 வோல்ட்டுக்கு 470 கிலோ ஓம். எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு 3.9 கிலோ ஓம், அதோடு இணையாக 47 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக். கலெக்டரிலிருந்து மைனஸ் 9 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் பாட். அந்தப் பாட்டின் நடுக்காலிலிருந்து 10 நானோஃபாரட் வழியாக வெளியே. மின் இணைப்பின் குறுக்கே இன்னொரு 47 மைக்ரோஃபாரட். முடிந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிரான்சிஸ்டர் பிஎன்பி வகை, அதாவது கலெக்டர் மைனஸ் பக்கம் இருக்கும் வகை, ஆகவே பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்ட். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் இரண்டுக்கும் பிளஸ் முனை கிரவுண்ட் பக்கம் போக வேண்டும். மற்ற பெடல்களைக் கட்டிப் பழகிய கை தன்னால் மைனஸைக் கிரவுண்டில் வைத்துவிடும். வேலை செய்யாத பெடலைத் திறந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஜெர்மானியம் எதற்கு? சிலிக்கான் போட்டால் என்ன ஆகும்?

போடலாம், நன்றாகவும் இருக்கும், ஆனால் வேறு மாதிரி இருக்கும். ஜெர்மானியத்தில் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 0.1 முதல் 0.3 வோல்ட், சிலிக்கானில் 0.6 வோல்ட் பக்கம். அதனால் 470 கிலோ ஓமை அப்படியே வைத்தால் சிலிக்கானுக்கு மின்னோட்டம் போதாது, 330 கிலோ ஓம் அளவுக்கு இறக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது. இந்தச் சர்க்யூட்டின் உள்ளீட்டு மின்தடை டிரான்சிஸ்டரின் கெயினைப் (மின்னோட்டத்தைப் பெருக்கும் மடங்கு) பொறுத்தது. கெயின் 80 உள்ள ஜெர்மானியத்தில் அது 9 கிலோ ஓம் பக்கம்தான். கெயின் 300 உள்ள சிலிக்கானில் 20 கிலோ ஓமைத் தாண்டும். அப்போது அதே 5 நானோஃபாரட் கெபாசிட்டர் கீழ் ஒலிகளைக் கூடுதலாக உள்ளே விடும். ஆகவே சிலிக்கான் போட்டு, கெபாசிட்டரை மாற்றாமல், ஒலியில் டிரெபிள் கடி குறைந்துவிட்டது என்று ஜெர்மானியத்தின் மாயத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. கெபாசிட்டரைப் பாதியாக்கிக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அப்படிக் கேட்ட பிறகும் ஜெர்மானியத்தில் மேல் முனை கொஞ்சம் மழுங்கலாக, கிட்டாரின் வால்யூமுக்குப் பணிந்து நடப்பதாக எனக்குப் படுகிறது, அதனால்தான் இந்தத் தொல்லையெல்லாம்.

ஓசி44தான் வேண்டுமா?

வேண்டாம். ஓசி44 பழைய ரேஞ்ச்மாஸ்டரில் இருந்தது, ஓசி71 இருந்த பெட்டிகளும் உண்டு. அந்தப் பெயர் பரவிய பிறகு விலை எங்கோ போய்விட்டது, கூடவே போலிகளும் வந்துவிட்டன. மலிவான வேறு டிரான்சிஸ்டரின் எழுத்தை அழித்து ஓசி44 என்று அச்சடித்து விற்பது புதிதல்ல. சொல்லப்போனால் ஓசி44 ஆடியோவுக்கென்று செய்யப்பட்டதே அல்ல, மீடியம் வேவ் ரேடியோவில் மிக்சர், ஆசிலேட்டர் நிலைக்கு வைத்தது. ஓசி71தான் ஆடியோ வகை.

ஏசி125, ஏசி128, 2என்404, சோவியத் காலத்து எம்பி39, எம்பி42, ஜிடி308 என்று பல வகைகளில் நல்லவை கிடைக்கின்றன. ஏசி128 எளிதில் கிடைக்கும், ஆனால் கசிவு (பேஸுக்கு ஒன்றும் கொடுக்காதபோதும் ஓடும் மின்னோட்டம்) அதிகமானவை அதில் நிறைய. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், அளந்து பார்த்து வாங்குங்கள், அல்லது அளந்து கொடுக்கிறவரிடம் வாங்குங்கள். கெயின் 70 முதல் 120 வரை, கசிவு 200 மைக்ரோஆம்பியருக்குள். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மேலே என்ன எழுதியிருந்தாலும் பெடல் பேசும். பத்து ஏசி128 வாங்கி அளந்து அதில் இரண்டைப் பொறுக்குவது, ஒற்றை ஓசி44-ஐ நம்பிக்கையின் பேரில் வாங்குவதை விட நல்ல வழி.

கசிவையும் கெயினையும் எப்படி அளப்பது?

மல்டிமீட்டரில் டிரான்சிஸ்டர் சொருகும் ஓட்டை இருக்கிறதே என்று அதில் வைத்துப் பார்க்காதீர்கள். ஜெர்மானியத்தில் பேஸுக்கு ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் கலெக்டர் வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும், மீட்டர் அதையும் கெயின் கணக்கில் சேர்த்துவிடும்.

பெடல் கட்டுகிறவர்கள் நடுவே வெகுகாலமாகப் புழங்கும் சோதனை இது. எமிட்டரை 9 வோல்ட் பேட்டரியின் பிளஸில் கொடுங்கள். கலெக்டரிலிருந்து மைனஸுக்கு 2.47 கிலோ ஓம், அதாவது 2.2 கிலோ ஓமும் 270 ஓமும் தொடராக. பேஸை எதோடும் சேர்க்காமல் விட்டுவிட்டு, அந்த 2.47 கிலோ ஓமின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து வோல்ட் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இது கசிவு. பிறகு பேஸிலிருந்து மைனஸுக்கு 2.2 மெகா ஓம் ரெசிஸ்டரை வைத்து மறுபடி பாருங்கள். இரண்டாவது அளவிலிருந்து முதல் அளவைக் கழித்து நூறால் பெருக்கினால் கெயின்.

உதாரணத்துக்கு, பேஸ் திறந்திருக்கும்போது 0.3 வோல்ட், ரெசிஸ்டர் வைத்ததும் 1.15 வோல்ட் என்றால், வித்தியாசம் 0.85, ஆகவே கெயின் 85. கசிவு 0.3 வோல்ட்டை 2,470 ஓமால் வகுத்தால் சுமார் 120 மைக்ரோஆம்பியர். நல்ல டிரான்சிஸ்டர், எடுத்து வையுங்கள்.

சோதிக்கும்போது ஒன்றைப் பார்ப்பீர்கள். விரலால் பிடித்துச் சொருகியதும் மீட்டரில் எண் உயர்ந்திருக்கும், கையை எடுத்ததும் மெல்ல மெல்ல இறங்கும், ஒரு நிமிடமாவது இறங்கிக்கொண்டே இருக்கும். விரலின் சூடுதான். எண் அசையாமல் நின்ற பிறகே குறித்துக்கொள்ளுங்கள். எண் நிற்காமல் தானாக ஏறிக்கொண்டே போனாலோ, மேலும் கீழும் துள்ளினாலோ அந்த டிரான்சிஸ்டரைத் தள்ளி வைத்துவிடுங்கள், அது பெடலிலும் சொரசொரக்கும்.

எந்தக் கால் எது என்று எப்படித் தெரியும்?

ஓசி வகைக் கண்ணாடிக் குப்பிகளில் ஒரு பக்கம் வண்ணப் புள்ளி இருக்கும், அதை ஒட்டிய கால் கலெக்டர். நடுவில் பேஸ். கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே இடைவெளி சற்றுக் கூடுதல். மற்ற வகைகளுக்கு டேட்டாஷீட்டைப் பாருங்கள், பார்த்த பிறகும் மீட்டரை டயோடு நிலையில் வைத்துச் சரிபாருங்கள். பிஎன்பி என்றால் கறுப்பு முனை பேஸில் இருக்கும்போது சிவப்பு முனையை மற்ற இரண்டு கால்களில் எதில் வைத்தாலும் 0.1 முதல் 0.3 வரை காட்டும். எமிட்டர் எது கலெக்டர் எது என்று குழம்பினால் இரண்டு விதமாகவும் மாற்றி வைத்துக் கெயினை அளங்கள், பெரும்பாலும் கெயின் அதிகம் வருவதே சரியான பக்கம்.

கண்ணாடிக் குப்பியின் கறுப்பு வண்ணம் உரிந்திருந்தால் அப்படியே விடாதீர்கள். வெளிச்சம் பட்டால் கசிவு ஏறும். ஓசி71-இன் குடும்பத்தில் ஓசிபி71 என்று ஒன்றை வெளிச்சத்தை உணர்வதற்கென்றே விற்றார்கள், அதிலிருந்தே புரியும். ஒரு துளி கறுப்புப் பெயின்ட் போதும். உலோக மூடி உள்ளவற்றில் சில வகைகளில் மூடி உள்ளே ஒரு காலோடு இணைந்திருக்கும், ஆகவே பெட்டியின் சுவரில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயாஸ் எப்படி வைப்பது?

பயாஸ் என்பது சிக்னல் இல்லாதபோது டிரான்சிஸ்டர் நிற்கும் நிலை. கலெக்டரில் கிரவுண்டிலிருந்து பார்த்தால் மைனஸ் 7 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும். 6.8 முதல் 7.2 வரை இருந்தால் சந்தோஷப்படலாம். 470 கிலோ ஓமுக்குப் பதிலாக 100 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 1 மெகா ஓம் டிரிம் பாட்டைத் தொடராகப் போட்டு, மீட்டரைப் பார்த்தபடி திருகுங்கள். எண் 8-ஐத் தாண்டி நின்றால் மின்னோட்டம் போதவில்லை, மின்தடையைக் குறையுங்கள். 5-க்குக் கீழே போனால் கூட்டுங்கள். எவ்வளவு கூட்டினாலும் மேலே ஏறவில்லை என்றால் கசிவு அதிகமான டிரான்சிஸ்டர்.

ஏன் நடுவில், அதாவது 5 வோல்ட்டில் வைக்காமல் 7-இல் வைக்கிறோம் என்றால், அங்கேதான் இந்தப் பெடலின் குணம் இருக்கிறது. எமிட்டர் மைனஸ் 0.8 வோல்ட் பக்கம் நிற்கும். ஆகவே அலை ஒரு பக்கம் 6 வோல்ட் வரை ஆடலாம், மறுபக்கம் 2 வோல்ட்தான் இடம். பலமாக அடித்தால் ஒரு பக்கம் முன்னால் நசுங்கும், மறுபக்கம் நசுங்காது. இந்த ஒருபக்க நசுங்கல்தான் ஒலிக்குத் தடிமனைக் கொடுக்கிறது. 5 வோல்ட்டில் வைத்தால் சுத்தமாக, பெரிதாக, சப்பென்று இருக்கும். எண்ணை வைத்து 7-க்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு மீட்டரை ஒதுக்கிவிட்டு, ஆம்ப்பில் சொருகி, காதால் அங்கிருந்து கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள். பிடித்த இடத்தில் நிறுத்துங்கள், மீட்டர் என்ன சொன்னால் என்ன.

பாசிட்டிவ் கிரவுண்ட் என்கிறீர்களே, மற்ற பெடல்களின் அடாப்டரிலேயே கொடுக்கலாமா?

ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரிந்து போகும் கேபிளில் கொடுக்கவே கூடாது. மற்ற பெடல்களில் மைனஸ் கிரவுண்ட், இதில் பிளஸ் கிரவுண்ட், ஆடியோ கேபிளின் கிரவுண்ட் வழியாக இரண்டும் சேர்ந்தால் அடாப்டர் நேராக ஷார்ட் ஆகும்.

வழிகள் சில உண்டு. பேட்டரி, எனக்குப் பிடித்தது அதுதான். அல்லது ஒவ்வொரு முனையும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் பவர் சப்ளை, அதில் ஒரு முனையைத் தலைகீழாகக் கொடுக்கலாம். அல்லது உள்ளே ஒரு சார்ஜ் பம்ப் ஐசி வைத்து பிளஸ் 9-ஐ மைனஸ் 9 ஆக்கிக்கொள்வது. மேக்ஸ்1044 வகை என்றால் அதன் முதல் காலை மின் இணைப்போடு சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அதன் துடிப்பு காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருந்து கீச்சென்று ஒரு ஒலி கூடவே வரும். எல்டி1054-இல் துடிப்பு காதுக்கு மேலேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஏசி127, எம்பி38 போன்ற என்பிஎன் ஜெர்மானியம் கிடைத்தால் எல்லாவற்றையும் தலைகீழாக்கி வழக்கமான மைனஸ் கிரவுண்டிலேயே கட்டிவிடலாம். நல்ல என்பிஎன் கிடைப்பதுதான் கஷ்டம்.

பிஎன்பி டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு மைனஸ் கிரவுண்டில் வயரை மாற்றிக் கட்டுகிற வழியும் உண்டு. சிலருக்கு நன்றாக வேலை செய்கிறது, சிலருக்கு மோட்டார் படகு போல டுபுடுபு என்று துடிக்கிறது. நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பேட்டரி எவ்வளவு நாள் வரும்?

சர்க்யூட் எடுப்பது சுமார் 0.2 மில்லிஆம்பியர்தான். நல்ல 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டி ஓடும். பேட்டரியைத் தின்பது எல்ஈடிதான். சாதாரணமாக 5 மில்லிஆம்பியர் எடுக்கும் எல்ஈடி, பெடலை விட இருபது மடங்குக்கு மேல் குடிக்கிறது. பிரகாசமான வகையை வாங்கி 10 கிலோ ஓமுக்கு மேல் ரெசிஸ்டர் போடுங்கள், அல்லது எல்ஈடியே வேண்டாம், பெடல் போட்டிருக்கிறதா இல்லையா என்று காதுக்கே தெரியும்.

வாசிக்காதபோது கேபிளைப் பிடுங்கினால் பேட்டரி துண்டிக்கப்படும்படி உள்ளீட்டில் ஸ்டீரியோ ஜாக் வைப்பார்கள். இந்தப் பெடலில் பேட்டரியின் பிளஸ் வயர்தான் ஜாக்கின் நடு வளையத்துக்குப் போக வேண்டும், மைனஸ் அல்ல.

18 வோல்ட் கொடுத்தால் இன்னும் பலமாக இருக்குமா?

கொடுக்காதீர்கள். பழைய ஜெர்மானியம் பலவற்றின் வோல்ட் எல்லை தாழ்வானது, பயாஸும் இடம் மாறிப்போகும்.

சால்டர் செய்யும்போது டிரான்சிஸ்டர் கெட்டுவிடும் என்கிறார்களே?

கெடும், ஜெர்மானியம் சூட்டைச் சிலிக்கான் அளவுக்குத் தாங்காது. சாக்கெட் வைத்துவிட்டால் இந்தக் கவலையே வேண்டாம். முதலில் சாக்கெட்டைச் சால்டர் செய்து, ஆறவிட்டு, டிரான்சிஸ்டரைக் கடைசியில் சொருகுங்கள். வேறு டிரான்சிஸ்டரை மாற்றிக் கேட்கவும் வசதி, அதுவே இந்தப் பெடலில் பாதி இன்பம். நேராகச் சால்டர் செய்தே ஆக வேண்டும் என்றால் காலை வெட்டாமல் நீளமாக விட்டு, முனைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு முதலைக் கிளிப்பைக் கவ்வ வைத்து, இரண்டு மூன்று விநாடிக்குள் முடித்துவிட்டு அடுத்த காலுக்குப் போகும் முன் ஆறவிடுங்கள்.

கண்ணாடிக் குப்பி என்றால் காலை அடியிலேயே மடக்காதீர்கள். சில மில்லிமீட்டர் விட்டு, இடுக்கியால் பிடித்துக்கொண்டு மடக்குங்கள். அடியில் கண்ணாடி விரிசல் விட்டால் உள்ளே ஈரம் போய்ச் சேரும், பிறகு அந்த டிரான்சிஸ்டர் நாளாக ஆகக் கெட்டுக்கொண்டே வரும்.

பழைய கார்பன் ரெசிஸ்டர், பழைய கெபாசிட்டர் எல்லாம் தேடிப் பிடிக்க வேண்டுமா?

பெட்டியைத் திறந்து காட்டினால் அழகாக இருக்கும். ஒலிக்கு வேண்டாம். பழைய கார்பன் ரெசிஸ்டர் இரைச்சலைக் கூட்டும், ஈரத்தில் மதிப்பு மாறும். மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், சாதாரண ஃபிலிம் கெபாசிட்டர் போதும். பழைய எலக்ட்ரோலிட்டிக் மட்டும் தயவுசெய்து வேண்டாம், காய்ந்துபோயிருக்கும். பணத்தை டிரான்சிஸ்டரில் போடுங்கள்.

பெடல் வரிசையில் எங்கே வைப்பது?

கிட்டாருக்கு அடுத்தது இதுதான், நடுவில் ஒன்றும் கூடாது. காரணம் உள்ளீட்டு மின்தடை 9 கிலோ ஓம் பக்கம் என்று சொன்னேனே, அதுதான். கிட்டாரின் பிக்அப்பும் வால்யூம் பாட்டும் இந்தச் சர்க்யூட்டின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகின்றன. கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் நடுவே மின்தடை கூடும். கெயின் சட்டென்று இறங்கும், கூடவே கீழ் ஒலிகளை வெட்டும் எல்லையும் கீழே நகரும். அதனால் கரகரப்பு மறைந்தும் ஒலி மெலியாது, மணி போலச் சுத்தமாக நிற்கும். பழைய ஆட்கள் பெடலை எப்போதும் போட்டே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கிட்டாரின் வால்யூமில் நடத்தினார்கள் என்றால் இதனால்தான்.

இதற்கு முன்னால் பஃபர் (கிட்டாரைப் பின்னால் வருவதிலிருந்து பிரிக்கும் சர்க்யூட்) உள்ள பெடலையோ வயர்லெஸ் ரிசீவரையோ வைத்தால் அந்த உறவு அறுந்துபோகும். ஒலி மெலிந்து கூச்சலாகும், வால்யூமைக் குறைத்தாலும் குணம் மாறாது. டியூனர் பெடலில்கூட பஃபர் இருக்கலாம், அதைப் பின்னால் தள்ளுங்கள். ஒலியைக் கரகரப்பாக்கும் பழைய வகை ஃபஸ் பெடலும் முதலிடம் கேட்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் போடாமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் சண்டை இல்லை.

ஒலி எனக்கு ரொம்ப மெல்லியதாக இருக்கிறது. என்ன மாற்றலாம்?

உள்ளீட்டு 5 நானோஃபாரட்தான் முதல் இடம். அதை 10 ஆக்கினால் வெட்டும் எல்லை பாதியாகிறது, நடு ஒலிகள் உள்ளே வரும். ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்அப்) கிட்டாருக்கு 5, சிங்கிள் காயிலுக்கு 10 என்று தொடங்கிப் பாருங்கள். 22-இல் நல்ல நடு ஒலி பூஸ்ட். 100 நானோஃபாரட் போட்டால் இது டிரெபிள் பூஸ்டரே அல்ல, எல்லாவற்றையும் ஏற்றும் பூஸ்டர், ஆம்ப் கொழகொழக்கத் தொடங்கும். மூன்று நிலை சுவிட்ச் வைத்து 5, 10, 22 என்று மாற்றிக்கொள்ளும்படி கட்டலாம். ஆனால் கட்டி முடித்ததும் பெரும்பாலானவர்கள் ஒரே நிலையில் விட்டுவிடுகிறார்கள், ஆகவே முதலில் பிரெட்போர்டில் (சால்டர் செய்யாமல் பாகங்களைச் சொருகிப் பார்க்கும் பலகை) கேட்டுவிட்டு ஒன்றை முடிவு செய்வதே நல்லது.

வெளியீட்டு 10 நானோஃபாரட்டை மாற்றிப் பயனில்லை. ஆம்ப்பின் 1 மெகா ஓம் உள்ளீட்டுக்கு முன்னால் அது கீழ் ஒலி எதையும் வெட்டுவதில்லை.

பாட்டைத் திருகினால் சொரசொரக்கிறது.

இந்த வடிவமைப்பில் அது இயல்பு. பாட் வழியாக டிசி மின்னோட்டம் ஓடுகிறது. தொல்லையாக இருந்தால் கலெக்டரில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை நிலையாக வைத்து, வெளியீட்டுக் கெபாசிட்டரை 100 நானோஃபாரட் ஆக்கி, அதற்குப் பின்னால் 100 கிலோ ஓம் வால்யூம் பாட் வையுங்கள். ஒலியில் பெரிய மாற்றம் இல்லை, திருகும்போது அமைதி.

சுவிட்சை மிதித்தால் டொப்பென்று சத்தம். அப்புறம் ரேடியோவும் கேட்கிறது!

சத்தத்துக்கு, உள்ளீட்டுக் கெபாசிட்டருக்கு முன்னால் 1 அல்லது 2.2 மெகா ஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்கு வையுங்கள். வெளியீட்டுக் கெபாசிட்டருக்குப் பின்னாலும் ஒன்று. ரேடியோவுக்கு, பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 47 முதல் 100 பிகோஃபாரட், வயர்களைக் குட்டையாக்குவது, பெட்டி உலோகமாக இருப்பது, அது கிரவுண்டோடு சேர்ந்திருப்பது. ஓசி44 ரேடியோவுக்கென்று பிறந்தது என்று மேலே சொன்னேன், அது தன் வேலையைத்தான் செய்கிறது.

வெயில் நாளில் ஒலி மாறுகிறதே, பெடல் கெட்டுவிட்டதா?

இல்லை. ஜெர்மானியத்தின் கசிவு சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும்போது இரட்டிப்பாகும். கசிவு ஏறினால் கலெக்டர் வோல்ட் 7-இலிருந்து கீழே நழுவும். ஆனாலும் எமிட்டரில் 3.9 கிலோ ஓம் இருப்பதால் இந்தச் சர்க்யூட் பழைய ஜெர்மானியம் ஃபஸ் பெடல் அளவுக்கு ஆட்டம் காட்டாது. கசிவு குறைந்த டிரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுத்திருந்தால் பெரும்பாலும் உணரவே மாட்டீர்கள். பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள், சூடாகும் வால்வ் ஆம்ப்பின் தலைமேலும் வைக்காதீர்கள். ரேஞ்ச்மாஸ்டரை அங்கேதான் வைத்தார்கள் என்பது வேறு கதை.

கட்டி முடித்தேன், சத்தமே வரவில்லை.

முதலில் சுவிட்சை விட்டுவிட்டு போர்டை மட்டும் நேராக ஜாக்குகளில் இணைத்துப் பாருங்கள். வராத பெடலில் தப்பு சுவிட்ச் வயரிங்கில்தான் அதிகம். பிறகு மீட்டரின் சிவப்பு முனையைக் கிரவுண்டில், அதாவது பேட்டரியின் பிளஸில் வைத்து, கறுப்பு முனையால் ஒவ்வொரு காலாகத் தொடுங்கள். எமிட்டரில் 0.8 பக்கம், பேஸில் அதைவிட 0.1 அல்லது 0.2 அதிகமாக, கலெக்டரில் 7.

கலெக்டரில் முழு 9 காட்டினால் டிரான்சிஸ்டர் வழியாக ஒன்றும் ஓடவில்லை, கால்கள் மாறியிருக்கலாம், 470 கிலோ ஓம் இணைப்பு விட்டிருக்கலாம். கலெக்டரும் எமிட்டரும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டினால் டிரான்சிஸ்டர் ஷார்ட், அல்லது கசிவு எக்கச்சக்கம். வோல்ட் எல்லாம் சரி, ஒலி மட்டும் மங்கலாக, பூஸ்டே இல்லாமல் வருகிறது என்றால் எமிட்டரில் உள்ள 47 மைக்ரோஃபாரட்டைப் பாருங்கள், தலைகீழாக இருக்கும் அல்லது ஒரு கால் ஒட்டாமல் இருக்கும். அது இல்லாவிட்டால் ஏற்றம் சுமார் இரண்டரை மடங்கோடு நின்றுவிடும். வோல்ட்டும் சரி, எமிட்டர் கெபாசிட்டரும் சரி, இன்னும் சத்தம் இல்லை என்றால் பாட்டின் நடுக்காலைப் பாருங்கள், ஓரக்காலில் வயரைச் சால்டர் செய்திருப்பீர்கள்.